இலவச லைசென்ஸ் ஆய்வு என்று வருபவரிடம் சர்வர் பட்டியலைக் கொடுக்காதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கிண்டி, அம்பத்தூர், ஒரகடம் பகுதிகளில் இதே வேலையில் இருக்கும் பலர் அடுத்த மென்பொருள் லைசென்ஸ் புதுப்பிப்புக்குத் தயாராகிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதுப்பிப்புக்குச் சில மாதங்கள் இருக்கும்போது விற்பனை முகவர் ஒருவர் வந்து, "உங்களிடம் எத்தனை லைசென்ஸ் இருக்கிறது, எத்தனை தேவை என்று நாங்களே இலவசமாகக் கணக்கெடுத்துத் தருகிறோம்" என்று சொன்னால், அங்கேயே மறுத்துவிடுங்கள். எங்களுக்கு அந்த இலவசம் 62 லட்ச ரூபாய் கேட்டு ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது.

நாங்கள் பயன்படுத்துவது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் தரவுத்தள மென்பொருள். 2014இல் நிரந்தர லைசென்ஸாக வாங்கினோம். ஆண்டுதோறும் ஆதரவுக் கட்டணம் மட்டும் 11 லட்சத்துச் சொச்சம். கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளம் எல்லாமே அதன் மேல்தான் ஓடுகின்றன. ஒருநாள் நின்றால் லாரி வெளியே போகாது. இது எங்களுக்குத் தெரிவதைவிட விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு, ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் இடம் எடுத்து இரண்டு மாற்று சர்வர்களை வைத்தோம். ஒவ்வொன்றிலும் 16 கோர் கொண்ட இரண்டு பிராசசர்கள். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி; இந்த மென்பொருளுக்கு லைசென்ஸ் கோர் எண்ணிக்கையை வைத்துத்தான். ஒன்று அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. அம்பத்தூரில் கோளாறு வந்தால் மட்டும் இயக்குவதற்காக. இன்னொன்றில் மெய்நிகர் சர்வர்கள், அதாவது ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் பிரித்து உருவாக்கிய சர்வர்கள், பல ஓடின. அவற்றில் ஒன்றில் 8 கோர் ஒதுக்கி, தரவுத்தளத்தின் சோதனைப் பிரதியை வைத்திருந்தோம்.

நுங்கம்பாக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கும் முகவர்தான் பல ஆண்டுகளாக எங்களுக்குப் புதுப்பித்துத் தருபவர். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வருவார், இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுப்பார். அந்த ஆண்டு புதுப்பிப்புக்கு முன்பு அவர்களுடைய தொழில்நுட்ப ஆள் ஒருவர் வந்தார். சர்வர்களில் ஓட்டுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சர்வர் விவரங்களைத் தானாகத் திரட்டும் சிறு நிரல், கொடுத்தார். கூடவே ஓர் எக்செல் தாள்: சர்வர் பெயர், சீரியல் எண், பிராசசர், கோர், எதற்காகப் பயன்படுகிறது என்று கட்டங்கள். "இது நமக்குள் மட்டும் இருக்கும் சார், சரியான விலைப்புள்ளி வாங்குவதற்காகத்தான்" என்றார். அணைத்து வைத்த சர்வரில் ஸ்கிரிப்டை ஓட்ட முடியாது என்பதால் அதன் விவரங்களை எங்கள் பிரிவுப் பையன் கையால் தட்டச்சு செய்து அனுப்பினான்.

பிப்ரவரியில் மென்பொருள் நிறுவனத்தின் 'லைசென்ஸ் இணக்கப் பிரிவிடமிருந்து' கடிதம் வந்தது. சிறுசேரியில் உள்ள இரண்டு சர்வர்களின் 64 கோர்களுக்கும் லைசென்ஸ் இல்லை, நிலுவை ஆதரவுக் கட்டணத்தையும் சேர்த்து 62 லட்சம் செலுத்த வேண்டும் என்று. பின்னிணைப்பில் சர்வர் பட்டியல். முகவரைக் கேட்டபோது, "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை சார், நிறுவனம் தானாகவே கண்டுபிடித்திருக்கும்" என்று சாதித்தார்.

அந்தப் பின்னிணைப்பை வரி வரியாகப் பார்த்தேன். அணைத்து வைத்த சர்வரின் சீரியல் எண் கடைசியில் 86 என்று முடிந்திருந்தது. சர்வரின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் 68. வாங்கிய பில்லிலும் 68. உலகத்திலேயே 86 என்று இருந்த ஒரே இடம், எங்கள் பையன் அவசரத்தில் மாற்றித் தட்டிய அந்த எக்செல் தாள்தான். இயந்திரத்திலிருந்து நேராக எடுத்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்கவே முடியாது. நமக்குள் மட்டும் இருக்கும் என்று வாங்கிய தாளை அப்படியே தூக்கி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு பழக்கத்துக்கு அவர்கள் வைத்த மதிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் உண்மையான வியாபாரம். ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த புதுப்பிப்பு விலைப்புள்ளி வரவே இல்லை. "நிறுவனத்தில் ஒப்புதல் நிலுவையில் இருக்கிறது" என்பதே பதில். எங்கள் ஆதரவு ஒப்பந்தம் மார்ச் 31 உடன் முடிகிறது. மார்ச் கடைசி வாரத்தில் விலைப்புள்ளி வந்தது. ஆனால் நாங்கள் கேட்டது அதில் இல்லை. மூன்றாண்டுச் சந்தா, ஆண்டுக்கு 34 லட்சம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மார்ச் 31க்குள் கொள்முதல் ஆணை கொடுத்தால் 62 லட்சக் கோரிக்கையைக் கைவிடுவார்களாம். தவறினால் அந்தத் தொகையும் உண்டு, காலாவதியான ஆதரவை மீண்டும் தொடங்க அபராதமும் உண்டு. நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: சந்தாவுக்கு மாறும்போது பழைய நிரந்தர லைசென்ஸ்கள் ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும். 2014இல் முழுப் பணம் கொடுத்து வாங்கிய சொத்தை, நாமே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு முடிந்ததும் அவர்கள் சொல்வதுதான் விலை.

62 லட்சத்தை வாங்குவது அவர்களுடைய நோக்கமே அல்ல என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அந்தத் தொகை நம்மைச் சந்தாவுக்குள் தள்ளுவதற்கான கருவி.

எங்கள் கொள்முதல் பிரிவு விதிப்படி வேறு இரண்டு முகவர்களிடமும் விலைப்புள்ளி வாங்கியது. இரண்டுமே முதலாமவரைவிடச் சற்று அதிகம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொள்முதலில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை எந்த முகவர் முதலில் நிறுவனத்திடம் பதிவு செய்கிறாரோ, அவருக்குத்தான் கூடுதல் தள்ளுபடி. பிறகு வருபவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது. குறைத்துக் கொடுக்க நினைத்தாலும் முடியாது. இதற்கு 'டீல் பதிவு' என்று பெயர். ஆக மூன்று விலைப்புள்ளி கோப்பில் இருக்கும், போட்டி மட்டும் இருக்காது. தணிக்கையாளர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். உங்களுக்கு நிஜப் போட்டி வேண்டுமென்றால், எந்த முகவரிடமும் தேவையைச் சொல்வதற்கு முன்பே, எங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் எங்கள் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

முகவர் அதோடு நிற்கவில்லை. என்னைத் தாண்டி எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவரை அழைத்து, "பதிப்புரிமைச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது மேடம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பயமுறுத்தியிருக்கிறார். பாவம், அவர் அன்று இரவு தூங்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று சொல்வது உண்மைதான். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸில் எத்தனை கோர் கணக்கு என்று எழும் தகராறு வேறு. அது ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துப் பேச வேண்டிய விஷயம். இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, ஒரு பெண்மணியைத் தொலைபேசியில் மிரட்டுவது எந்த வகை வாடிக்கையாளர் சேவை?

ஒப்பந்தத்தை எடுத்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கம்பெனி செகரட்டரி அலமாரியில் 2014ஆம் ஆண்டு மூல ஒப்பந்தம் பத்திரமாக இருந்தது. தணிக்கை செய்ய வேண்டுமென்றால் நிறுவனம் 45 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவே இல்லை. பிரதான சர்வர் பழுதானால் மாற்று சர்வரில் குறிப்பிட்ட நாள்கள் வரை தனி லைசென்ஸ் இன்றி இயக்கலாம் என்ற விதியும் இருந்தது. மெய்நிகர் சர்வர் 8 கோரில் ஓடினாலும் அடியில் இருக்கும் இயந்திரத்தின் 32 கோர்களையும் எண்ண வேண்டும் என்று அவர்கள் காட்டியது, தங்கள் இணையதளத்தில் பிறகு வெளியிட்ட ஒரு கொள்கைக் குறிப்பு. எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் குறிப்பு எங்குமே இல்லை.

அன்றிலிருந்து தொலைபேசிப் பேச்சை நிறுத்தினோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எந்த விதியின் கீழ் என்று மின்னஞ்சலில் மட்டும் கேட்டோம். சீரியல் எண் விவகாரத்தை, ஸ்டிக்கரின் புகைப்படத்தோடு, முகவரைத் தாண்டி நிறுவனத்துக்கே நேரடியாக எழுதினோம். குரல் மாறியது. மார்ச் 31க்குப் பிறகு எந்தச் சலுகையும் கிடையாது என்றவர்கள், ஏப்ரலில் தாங்களாகவே பேச வந்தார்கள். சோதனைப் பிரதிக்கு உரிய 8 கோர் லைசென்ஸுக்கு 9 லட்சம் கொடுத்தோம். பயன்படுத்தியதற்குக் கொடுப்பது நியாயம். ஆதரவை அபராதமின்றிப் பழைய அளவிலேயே புதுப்பித்து, மூன்று ஆண்டுக்கு விலை உயர்வுக்கு உச்சவரம்பும் எழுதி வாங்கினோம். நிரந்தர லைசென்ஸ் எங்களிடமே இருக்கிறது. அந்த முகவரை மாற்றிவிட்டோம்.

எங்கள் மென்பொருளோடு இது முடியும் விஷயமல்ல. மென்பொருள் உலகம் முழுவதும் காற்று இந்தப் பக்கம்தான் வீசுகிறது. மெய்நிகர் சர்வர் மென்பொருள் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா மட்டும் என்றானது. பல மென்பொருள்கள் ஓட அடிப்படையாக இருக்கும் ஜாவாவின் சந்தாவை 2023 ஜனவரியில் ஆரக்கிள் ஊழியர் எண்ணிக்கை அடிப்படைக்கு மாற்றியது. ஆயிரத்துக்குக் குறைவான ஊழியர்கள் என்றால் பட்டியல் விலை ஆளுக்கு மாதம் 15 டாலர். கணினியையே தொடாத தொழிலாளியும் தற்காலிக ஊழியரும் அந்தக் கணக்கில் வருவார்கள். 400 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 72,000 டாலர். ஜாவாவை நேரடியாகப் பயன்படுத்துவது பத்துப் பேராக இருந்தாலும் தொகை மாறாது. எஸ்ஏபி நிறுவனம் தன் பழைய நிர்வாக மென்பொருளான இசிசிக்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவு வரைதான் என்று அறிவித்திருக்கிறது. போன ஆண்டுத் தொகையில் கொஞ்சம் கூட்டி பட்ஜெட்டில் எழுதும் பழக்கத்தை நிதிப் பிரிவு உடனே விட வேண்டும்.

புதுப்பிப்புத் தேதிக்கு ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்குங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். முதலில் மூல ஒப்பந்தம், பிறகு வந்த திருத்தங்கள், கொள்முதல் ஆணைகள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். நகல் தொலைந்திருந்தால் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பிறகு நீங்களே எண்ணுங்கள். உங்கள் ஆட்களே எண்ணட்டும், அல்லது எந்த மென்பொருளையும் விற்காத ஆலோசகர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே அவரிடமும் தாளைக் கொடுங்கள். சந்தா மென்பொருள்களில் ஒவ்வொருவரும் கடைசியாக உள்ளே நுழைந்த தேதியைப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் பணம் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலான சந்தாக்களில் எண்ணிக்கையைக் குறைக்கப் புதுப்பிப்பின்போதுதான் வழி உண்டு. அன்று விட்டால் அடுத்த தவணை வரை அதே எண்ணிக்கைதான்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பலவற்றில், வேண்டாம் என்றால் 30, 60 அல்லது 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவுத் தேதியை விட அந்த அறிவிப்புத் தேதியைத்தான் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட வேண்டும்.

விற்பவரின் ஆண்டுக் கணக்கு என்று முடிகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். நமக்கு மார்ச் 31. ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாப்டுக்கு ஜூன் 30, எஸ்ஏபிக்கு டிசம்பர் 31. இலக்கை எட்ட அவர்கள் தவிக்கும் வாரங்கள் அவை. புதுப்பிப்புத் தேதியை அந்த மாதங்களுக்கு நகர்த்திக்கொள்ள முடியுமானால், பேச்சில் உங்கள் கை ஓங்கும். விலைப்புள்ளி ரூபாயில் இருந்தால் டாலருக்கு எந்த மாற்று விகிதம் வைத்தார்கள் என்று கேளுங்கள். அன்றைய விகிதத்தோடு ஒப்பிட்டால் முகவர் அதிலும் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இப்போது யாராவது உங்கள் அலுவலகத்தில் ஸ்கிரிப்டோடு உட்கார்ந்திருந்தால், அதை ஓட்டச் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தின் எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை சர்வர் அறைச் சாவி உங்களிடமே இருக்கட்டும். ஏற்கெனவே தாளைக் கொடுத்துவிட்டவர்கள், அதில் உள்ள விவரத்தை மூன்றாம் நபருக்குத் தர அனுமதியில்லை என்று முகவருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பிய தாளின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கை கொடுத்தது அந்த நகல்தான்.