அப்க்ளான்ஸ், அப்துல்லா, கிரிபால்டி: மூன்று டிராகேனர் பொலிகுதிரைகளின் வாரிசுக் கணக்கு

விளையாட்டுக் குதிரை வளர்ப்பின் போக்கை மாற்றிய, டிராகேனர் என்னும் ஜெர்மன் இனத்துப் பொலிகுதிரை எது என்று கேட்டால், இன்று பெரும்பாலானோர் தயங்காமல் கிரிபால்டியின் பெயரைச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், டிரெஸ்ஸாஜ் (குதிரையின் நடையழகையும் கட்டுப்பாட்டையும் சோதிக்கும் போட்டி) உலகின் புகழ்பெற்ற குதிரை டோட்டிலாஸின் தந்தை அல்லவா என்பார்கள். விடை சரியாக இருக்கலாம். சொல்லப்படும் காரணம் போதாது என்பதே என் கருத்து. பொலிகுதிரையின் பெருமையை அதன் புகழ்பெற்ற ஒற்றைப் பிள்ளையைக் கொண்டு அளந்தால், அந்தப் பிள்ளையின் தாய்க்கும், அதை ஓட்டியவருக்கும், அது பிறந்த நாட்டின் வளர்ப்பு முறைக்கும் சேர வேண்டிய பங்கு தந்தையின் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆகவே வெவ்வேறு காலத்தையும் வெவ்வேறு நாட்டையும் சேர்ந்த மூன்று குதிரைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1942இல் பிறந்த அப்க்ளான்ஸ், 1970இல் பிறந்த அப்துல்லா, 1993இல் பிறந்த கிரிபால்டி ஆகியவையே அவை.

ஒப்பிடுவதற்கு முன் டிராகேனர் பதிவேட்டின், அதாவது இனத்தில் சேரும் குதிரைகளின் வம்சாவளியைப் பதியும் ஏட்டின், தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1732இல் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெடெரிக் வில்லியம் கிழக்கு பிரஷ்யாவின் டிராகேனனில் நிறுவிய அரசுக் குதிரைப் பண்ணையே இந்த இனத்தின் ஊற்றுக்கண். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜில் குரோனோஸும் ஈவென்டிங்கில் (டிரெஸ்ஸாஜ், திறந்தவெளி ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டி) நூர்மியும் தனிநபர் தங்கம் வென்றபோது இந்தக் குதிரைகளின் பெயர் உச்சத்தில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் எல்லாம் சிதறிப்போயிற்று. 1944 அக்டோபரில் பண்ணை காலி செய்யப்பட்டது. 1945 குளிர்காலத்தில், முன்னேறி வந்த செம்படைக்கு அஞ்சி ஓடிய மக்களின் வண்டிகளை இழுத்துக்கொண்டு, உறைந்துபோன கடற்கழியைக் கடந்து மேற்கே வந்து சேர்ந்த சிறு எண்ணிக்கையிலான குதிரைகளைக் கொண்டே இனம் மீண்டும் கட்டப்பட்டது. 1947இல் மேற்கு ஜெர்மனியில் உருவான டிராகேனர் சங்கம் பழைய விதியைத் தளர்த்தவில்லை. வெளியிலிருந்து இரத்தம் வர வேண்டுமானால் அது தோரோபிரெட், அரபு, ஆங்கிலோ-அரபு, ஷாக்யா ஆகியவற்றிலிருந்து மட்டுமே வரலாம். பிற ஜெர்மன், டச்சு இனங்கள் டிராகேனரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்; டிராகேனர் அவற்றிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. கொடுக்கும் வாசல் திறந்தும் கொள்ளும் வாசல் ஏறக்குறைய மூடியும் இருக்கும் இந்த அமைப்பில், ஒரு பொலிகுதிரையின் வாரிசுகள் சொந்தப் பதிவேட்டுக்குள் எத்தனை, வெளியே எத்தனை என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

பெயர்களிலும் இந்த வேறுபாடு தெரியும். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஜெர்மனியின் இன்னொரு இனமான ஹனோவரின் வளர்ப்பில் குட்டி தந்தையின் முதலெழுத்தை ஏற்கிறது. டிராகேனர் வளர்ப்பில் தாயின் முதலெழுத்தை ஏற்கிறது. டச்சுப் பதிவேட்டிலோ தாயும் இல்லை, தந்தையும் இல்லை, பிறந்த ஆண்டுக்குரிய எழுத்துதான். எனவே டிராகேனர் பொலிகுதிரையின் எழுத்து அதன் சொந்த இனத்துப் பிள்ளைகளிடம் தங்குவதில்லை. ஹனோவருக்குப் போனால்தான் தங்குகிறது.

அப்க்ளான்ஸின் கதை அப்படிப்பட்டது. டெர்மிட்டுக்கும் அபெண்ட்லுஃப்டுக்கும் பிறந்து, தாயின் எழுத்தால் பெயர் பெற்ற இந்தக் குதிரை, போருக்குப் பின் ஹனோவர் பகுதியின் செல்லே அரசுப் பண்ணையில் பணியாற்றியது. அப்போது ஹனோவர் விவசாயிகளிடம் இருந்தவை பெரும்பாலும் ஏரும் வண்டியும் இழுக்கும் கனத்த குதிரைகள். டிராக்டர் வயலுக்கு வந்ததும் அவற்றின் வேலை போயிற்று. சவாரிக்கு ஏற்ற, இலேசான உடலும் நீண்ட கழுத்தும் சாய்ந்த தோளும் உள்ள குதிரை தேவைப்பட்டது. அந்த மாற்றத்துக்கு அழைக்கப்பட்ட டிராகேனர்களில் அப்க்ளான்ஸும் ஒன்று. (வூர்ட்டெம்பர்க்கில் இதே வேலையை 1960 முதல் ஜூல்மோண்ட் செய்தது.) அதன் மகன் அப்சாட்ஸ் 1960இல் பிறந்தது, அப்சாட்ஸின் மகன் அர்கென்டான், அர்கென்டானின் மகன் 1980இல் பிறந்த அர்கென்டினுஸ். தடை தாண்டலிலும் டிரெஸ்ஸாஜிலும் நல்ல பிள்ளைகளைத் தந்த அர்கென்டினுஸைப் பாராட்டுபவர்களில் எத்தனை பேர், அந்த 'ஏ' என்னும் எழுத்து கிழக்கு பிரஷ்யாவில் பிறந்த ஒரு குதிரையிடமிருந்து வந்தது என்பதை நினைக்கிறார்கள் என்பது ஐயமே. அப்க்ளான்ஸ் பதக்கம் எதற்கும் போட்டியிட்டதில்லை. அரசுப் பண்ணைக் குதிரைக்கு அக்காலத்தில் அந்த வழியே கிடையாது. சுற்றுப்புற விவசாயிகள் கொண்டுவந்த பெட்டைக் குதிரைகளுடன் நேரடியாகச் சேர்ந்து பெற்ற வாரிசுகளே அதன் முழுக் கணக்கு.

அப்துல்லா இதற்கு நேர் எதிர். டோனாவிண்டுக்கும் அபிசாவுக்கும் பிறந்த அந்த வெண்சாம்பல் குதிரை, தாயின் வயிற்றில் இருந்தபடியே அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்காவில் பிறந்தது. அபிசாவின் தந்தை மகராட்ஷா. அப்துல்லா என்ற பெயரின் முதலெழுத்து அப்க்ளான்ஸிடமிருந்து வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. விதிப்படி அது தாயிடமிருந்து வந்தது. அமெரிக்க வீரர் கான்ராட் ஹோம்ஃபெல்ட் ஓட்டத்தில், தடை தாண்டலில், அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குழுத் தங்கமும் தனிநபர் வெள்ளியும், 1985இல் பெர்லினில் உலகக் கோப்பை இறுதியும், 1986இல் ஆஹனில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் குழுத் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வென்றது.

இவற்றில் வளர்ப்பாளர் கவனிக்க வேண்டியது ஆஹன்தான். அக்காலத்து உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றில், எஞ்சிய நான்கு வீரர்களும் தங்கள் குதிரையை மட்டுமன்றி மற்ற மூவரின் குதிரைகளையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கனடாவின் கெயில் கிரீனோ நான்கு குதிரைகளிலும் ஒரு தடையைக்கூடத் தட்டாமல் தங்கம் வென்றார். அந்த நான்கில் அப்துல்லாவும் ஒன்று. முன்பின் அறியாதவர், சில நிமிடப் பழக்கத்தில் ஏறி அமர்ந்து, உலக இறுதியின் தடைகளைத் தவறில்லாமல் தாண்ட இடம் கொடுக்கும் ஆண் குதிரை என்பது சாதாரணம் அன்று. விதையடிக்காத குதிரைகள் போட்டிக் களத்தில் முரண்டு பிடிக்கும் என்ற பொது நம்பிக்கைக்கு அதைவிட நல்ல மறுப்பு எழுத முடியாது. போட்டியிட்டுக்கொண்டே இனப்பெருக்கத்திலும் ஈடுபட்ட பொலிகுதிரை என்ற வகையிலும் அப்துல்லா முன்னோடி. விந்து சேகரித்து உறையவைக்கும் நுட்பம் அதற்குக் கைகொடுத்தது.

இத்தனை இருந்தும், வாரிசுக் கணக்கில் அப்துல்லாவை நான் மூன்றாவது இடத்தில் வைக்கிறேன். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல சவாரிக் குதிரைகளாக இருந்தன. தந்தை எட்டிய உயரத்தில் வைத்து உலகம் பேசும் பெயர் அவற்றிலிருந்து எழவில்லை. குறை இரத்தத்தில்தான் என்று சொல்ல நான் தயாரில்லை. செல்லேயில் ஒரு குதிரைக்கு ஒரு வட்டாரமே பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவரும். மகன் தேறினால் அதே பண்ணை அதை எடுத்துக்கொள்ளும். பேரனைப் பார்க்க அதே கண்கள் இருக்கும். அமெரிக்காவில் வளர்ப்பாளர்கள் ஆயிரம் மைல் இடைவெளியில் சிதறிக் கிடந்தார்கள். நல்ல குட்டி பிறந்தாலும் அது தேர்ந்த வீரர் கையில் சேருமா, வார இறுதியில் மட்டும் சவாரி செய்பவர் வீட்டுக் கொட்டிலில் முதுமை அடையுமா என்பது தற்செயல். மேலும் டிராகேனர் பெட்டைக் குதிரைகளில் தடை தாண்டலுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவை குறைவு. தந்தை கொடுத்ததைத் தாங்கிப் பிடிக்கத் தாய் வரிசை இல்லை.

கிரிபால்டிக்கு அந்தத் தாய் வரிசை வெளியிலிருந்து கிடைத்தது. கொஸ்டொலானிக்கும், இபிகுஸின் மகளான கொண்டோலாவுக்கும் பிறந்த இந்தக் கரும்பழுப்புக் குதிரை, 1995இல் நொய்மூன்ஸ்டரில் நடந்த பொலிகுதிரைத் தேர்வில் முதலிடம் பெற்று நெதர்லாந்துக்குச் சென்றது. டச்சு வீரர் எட்வர்ட் கால் ஓட்டத்தில், டிரெஸ்ஸாஜின் மிக உயர்ந்த நிலையான கிராண்ட் பிரீ வரை எட்டியது. டச்சுப் பெட்டைக் குதிரைகளிடம் முன்னங்கால் வீச்சும் பின்னங்கால் வலுவும் இருந்தன. கிரிபால்டி உயர்ந்த தோற்றத்தையும், இலேசான உடலையும், கூர்மையான இயல்பையும் கொண்டுவந்தது. 1997இல் பிறந்த பெயின்டெட் பிளாக், 2000இல் பிறந்த டோட்டிலாஸ், 2001இல் பிறந்த உனே பிபி என்று பெயர்களின் முதலெழுத்தே வயதைச் சொல்லிவிடுகிறது.

டோட்டிலாஸைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2009 டிசம்பரில் லண்டனில் இசையோடு ஆடும் பிரிவில் 92.30 சதவீதம் பெற்றது. 2010இல் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டிகளில் மூன்று தங்கம் வென்றது. அதே 2010இல்தான் கிரிபால்டி இறந்தது. ஆனால் டோட்டிலாஸ் டிராகேனர் அன்று. தாய் லோமிங்கா டச்சுக் குதிரை, க்ளென்டேலின் மகள். எனவே டச்சுப் பதிவேட்டின் பிள்ளை. இன்னொன்றும் உண்டு. ஜெர்மனிக்கு விற்கப்பட்டு ஜெர்மன் வீரர் மாத்தியாஸ் ராத் கைக்கு மாறிய பின் அந்தப் பழைய உச்சத்தை அது மீண்டும் தொடவில்லை. எட்வர்ட் காலின் கைக்கு எவ்வளவு, லோமிங்காவுக்கு எவ்வளவு, கிரிபால்டிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் டோட்டிலாஸை மட்டும் காட்டி வாதிடுபவர்களோடு நான் உடன்படுவதில்லை.

பிரித்துப் பார்க்க ஓரளவு இடம் தருவது வேறோர் இணை. ஜெர்மன் டிரெஸ்ஸாஜ் வீராங்கனை ஜெசிகா ஃபோன் பிரெடோ-வெர்ன்ட்ல் 2015இல் லாஸ் வேகாஸில் உலகக் கோப்பை இறுதியில் மூன்றாமிடம் பெற்றது, டச்சுத் தாய்க்குக் கிரிபால்டி மூலம் பிறந்த உனே பிபியின் மீது. அவரே டோக்கியோ ஒலிம்பிக்கில் 91.732 சதவீதத்தோடும், பாரிஸ் 2024இல் 90.093 சதவீதத்தோடும் தனிநபர் தங்கம் வென்றது டலேரா பிபியின் மீது. இரு முறையும் ஜெர்மனிக்குக் குழுத் தங்கமும் சேர்ந்தது. டலேரா முழு டிராகேனர் பெட்டைக் குதிரை. அதன் தந்தை ஈஸி கேம். ஈஸி கேமின் தந்தை கிரிபால்டி. ஓட்டியவர் ஒருவரே, கிரிபால்டியின் இரத்தம் ஒரு முறை டச்சுப் பெட்டையோடு கலந்து நேரடியாகவும், மறுமுறை இரு தலைமுறை தள்ளி இரண்டு டிராகேனர் பெட்டைக் குதிரைகளின் வழியாகவும் வந்திருக்கிறது. இரண்டாவது வழியில் வந்ததே ஒலிம்பிக் சாம்பியன் ஆயிற்று. அயல் இனத்தோடு கலந்ததால் மட்டுமே கிரிபால்டி பளிச்சிட்டது என்ற குற்றச்சாட்டு இதன் முன் நிற்காது.

டோக்கியோவில் இன்னொரு காட்சியும் கண்டோம். எட்வர்ட் கால் அங்கே ஓட்டிய டோட்டல் யுஎஸ், டோட்டிலாஸின் மகன். அதாவது கிரிபால்டியின் மகன் வழிப் பேரக்குழந்தைகள் இரண்டு, ஒன்று பதிவேட்டுக்கு வெளியே பிறந்தது, மற்றது உள்ளே பிறந்தது, ஒரே மைதானத்தில் இறங்கின.

இனி, பெட்டைக் குதிரை வைத்திருக்கும் ஒருவர் இம்மூன்று வழிகளில் எதை நாட வேண்டும் என்று கேட்டால், கனத்த, மெதுவான தாய் வரிசையை இலேசாக்குவதுதான் நோக்கம் என்றால் அப்க்ளான்ஸ் காட்டிய பாதையைச் சொல்வேன். பலன் பேரன் காலத்தில்தான் தெரியும், பொறுமை வேண்டும். யார் ஏறினாலும் ஒத்துழைக்கும் மனம் வேண்டும் என்றால் அப்துல்லாவின் இரத்தத்தைத் தேடலாம். ஆனால் தடை தாண்டும் திறன் தாயிடமும் இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். டிரெஸ்ஸாஜ் என்றால் கிரிபால்டிக்குப் போட்டி இல்லை. அதிலும் பலர் டோட்டிலாஸ் வழியையே நாடுகிறார்கள். நான் ஈஸி கேம் வழியை விரும்புவேன், ஏனெனில் அங்கே தாய்மார்களும் ஒரே பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்கப்பட்டவர்கள். மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், ஆழத்தில் அப்க்ளான்ஸ் முந்துகிறது, வீச்சில் கிரிபால்டி முந்துகிறது. அப்க்ளான்ஸுக்கு ஒரு நூற்றாண்டை நெருங்கும் கால அவகாசம் கிடைத்திருக்கிறது. கிரிபால்டி இறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பொலிகுதிரைகளை மட்டும் அடுக்கும் தந்தை வழிப் பட்டியல்களில் டலேரா இடம்பெறாது, பெட்டை என்பதால். அது ஈனும் குட்டி டிராகேனர் பதிவேட்டில் சேருமானால், அதன் பெயர் 'டி' என்னும் எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்து டலேராவின் தாய் டார்க் மேஜிக்கிடமிருந்து வந்தது.