ஓஎம்ஆர்: காரில் போனால் ஒரு சாலை, நடந்து போனால் வேறு சாலை

சென்னையில் மத்திய கைலாஷ் கோயிலருகே தொடங்கி மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூஞ்சேரியில் முடிகிற மாநில நெடுஞ்சாலை 49ஏ மொத்தமே 45 கி.மீ. போலத்தான். பலகையில் ராஜீவ் காந்தி சாலை என்று இருக்கும், ஆட்டோக்காரரிலிருந்து வீட்டு புரோக்கர் வரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் சாலை (Old Mahabalipuram Road). அக்கா வீடு படூரில் இருப்பதால் கனடாவிலிருந்து வந்தால் நமக்கு ஊர் என்பதே இந்தச் சாலைதான். இந்த முறை அத்தானின் கார் ஒர்க் ஷாப்பில் கிடந்தது. அதனால் பஸ், ஷேர் ஆட்டோ, நடை என்றே பெரும்பாலும் சுற்றினேன். இங்கே வசதிகள் யாருக்காக, எந்த வரிசையில் வந்திருக்கின்றன என்பது காருக்குள் உட்கார்ந்திருந்தால் தெரியவே தெரியாது.

பழைய கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன் மாமல்லபுரம் போகிற வண்டிகளுக்கு இதுதான் வழி. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அந்தக் காலத்தில் உப்பும் விறகும் படகில் போன தடம். மேற்கே வயலும் ஏரியும் சதுப்பு நிலமும். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்ததும் எல்லாம் மாறியது. கம்பெனிகள் தெற்கே நகர நகரச் சாலையும் அகலமானது. 2008-ல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. ஆறு வழிச் சாலையாகத் திறந்து டோல் கேட்டும் போட்டார்கள். அந்த டோலைப் பற்றி எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. பக்கத்துத் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போவதற்கும் பணம் கட்டணுமா என்பார் அத்தான். மெட்ரோ வேலை வந்ததால் 2021 ஆகஸ்ட்டில் நான்கு கேட்டுகளில் வசூலை நிறுத்தினார்கள், மிஞ்சியிருந்த நாவலூர் 2023 அக்டோபரில் போனது. ஆக இன்றைக்குக் காரில் வருகிறவருக்கு இது இலவசச் சாலை.

சரி, பஸ். உண்மையைச் சொன்னால் நான் பயந்த அளவுக்கு இல்லை, நன்றாகவே இருந்தது. பிராட்வேயிலிருந்து கேளம்பாக்கம் வரும் 102, தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் 515, இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதற்கு முன் அக்கா தனியாக அடையாறு போவதென்றால் அத்தானைத்தான் எதிர்பார்ப்பாள், இப்போது "நீ வரியா, நான் கிளம்பறேன்" என்கிறாள். இந்தச் சாலையில் கடந்த பத்து வருடத்தில் நடந்த நல்ல காரியம் எது என்று கேட்டால் மேம்பாலத்தையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கவனிக்க: 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்துவிட்டதால் தெற்கிலிருந்து வரும் வண்டிகள் அங்கேயே நின்றுவிடும். படூர், சிறுசேரி பக்கம் வருகிறவர்கள் நகரத்துக்குள் போகவே தேவையில்லை, வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பிரச்சினை. எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆறு வழி, நடுவில் தடுப்பு, அதோடு மெட்ரோவுக்காக அடைத்த தகரம் வேறு. நடை மேம்பாலங்கள் இருக்கின்றன, ஆனால் முழங்கால் வலியுள்ள அக்காவோடு நான் போன ஒன்றில் லிஃப்ட் ஓடவில்லை, எப்போது சரியாகும் என்று கேட்க அங்கே ஆளும் இல்லை. ஆகவே எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம், தகர இடைவெளியில் கையைக் காட்டிக்கொண்டே ஓடினோம். காருக்கு மட்டும் டைடல் பார்க் பக்கத்திலும் இந்திரா நகர் பக்கத்திலும் 'யு' வடிவ மேம்பாலமே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், சிக்னலில் நிற்காமல் திரும்பிவிடலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் தொழில் பூங்கா வரை வரும் மெட்ரோ ஓடத் தொடங்கினால் நிலைமை மாறலாம். நிலையத்தின் படிகளை இரண்டு பக்கமும் இறக்கி, ரயில் ஏறாதவர்களும் கடந்து போக விட்டால் அதுவே பெரிய உபகாரம்.

நடந்து போகும்போது கண்ணில் படுகிற இன்னொன்று தண்ணீர் லாரி. கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் லாரித் தண்ணீர்தான். மழை வந்தால் கதை தலைகீழ். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்ற நீரோடை வழியாக இந்தச் சாலைக்கு அடியில் நுழைந்துதான் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டும், தென் சென்னையின் தண்ணீரெல்லாம் அந்த ஒரு வாயை நம்பியிருக்கிறது. 2015-லும் 2023 டிசம்பர் புயலிலும் அக்கம்பக்கத்துப் பகுதிகள் மூழ்கியதற்குக் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, அதற்குள் பாதிக்கு மேல் கட்டடமும் குப்பையும் தின்றுவிட்டன.

பணம் விஷயம். டீக்கடை, இளநீர், ஷேர் ஆட்டோ, எங்கேயும் க்யூஆர் அட்டைதான். என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர்கள் கனடா எண்ணிலேயே யுபிஐ இணைக்கலாம், ஆனால் எல்லா வங்கியிலும் கிடையாது, கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், நூறு ரூபாயை நீட்டினால் கண்டக்டர் முறைப்பது மட்டும் மாறவில்லை.

கேளம்பாக்கம் தாண்டினால் உப்பளம் தெரியும், காற்றே வேறு மாதிரி இருக்கும். திருப்போரூரில் இறங்கிக் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், மண்ணில் புதைந்து கிடந்ததை 17-ஆம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் மீட்டுக் கட்டியதாக வரலாறு. குளக்கரையில் உட்கார்ந்து சாப்பிட நிழல் இருக்கிறது. இந்த 45 கி.மீ.யில் காசு கொடுக்காமல் உட்கார எனக்குக் கிடைத்த நல்ல இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு 515-லேயே போய்விடுங்கள். பூஞ்சேரியில் இறங்கிவிட்டால் சிற்பங்கள் இருக்கும் இடத்துக்கு மறுபடி ஆட்டோவோடு பேரம் பேச வேண்டியிருக்கும்.