புல்லட் என்ஜினை முழுசா பிரிக்காமல் விட்டேன்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய வண்டியை ரெஸ்டோர் பண்ணுகிறேன் என்று சொன்னால் போதும், எல்லாரும் முதலில் கேட்பது "என்ஜின் ஃபுல்லா இறக்கியாச்சா?" என்பதுதான். இல்லை என்றால் ஏதோ அரைகுறை வேலை பார்த்தவனைப் போல ஒரு பார்வை. என்னுடையது எண்பதுகளின் கடைசியில் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையிலிருந்து வந்த புல்லட் ஸ்டாண்டர்டு 350, பழைய காஸ்ட் அயர்ன் என்ஜின், வலது காலில் கியர். பெரியப்பா ஓட்டியது, அப்புறம் பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து என்னிடம் வந்து சேர்ந்தது. பெயின்ட், வயரிங், ரிம், சீட் எல்லாம் புதுசு. என்ஜினில் மட்டும் ஹெட்டும் (மேல் மூடி) பேரலும் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர்) கழற்றி வேலை பார்த்தேன், அடியில் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிற கிரேங்க்கைப் பிரிக்கவில்லை. அப்படி ஓட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன, தினசரி வேலைக்கும் போகிறேன், மலையும் ஏறியாகிவிட்டது. அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம், அந்த முடிவு எனக்குச் சரியாக இருந்தது. எல்லா வண்டிக்கும் சரியாக இருக்குமா என்றால் இருக்காது, அதையும் சொல்கிறேன்.

வேலையை ஆரம்பிக்கும்போது மெக்கானிக் சொன்னது இது: "தம்பி, பெயின்ட்டுக்கு எப்படியும் என்ஜின் ஃபிரேமை விட்டு வெளிய வரத்தானே போகுது, அப்புறம் என்ன யோசனை, பிரிச்சிடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த என்ஜினின் கிரேங்க் ஒரே துண்டு கிடையாது. இரண்டு ஃப்ளைவீல், நடுவில் கிரேங்க் பின், அதில் பிஸ்டனைத் தாங்குகிற கன்ராட். பிரித்தால் பிரஸ்ஸில் வைத்துக் கழற்ற வேண்டும், புது பின்னும் கன்ராடும் ஏற்றி, திரும்ப இரண்டு வீலையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிற லேத் பட்டறைகள் கோயம்புத்தூரில் உண்டு, சென்னையிலும் உண்டு, ஆனால் உங்கள் தெருமுனைப் பட்டறையில் கண்மதிப்பில் சுத்தியலால் தட்டி "செட் ஆயிடுச்சு சார்" என்று கையில் கொடுத்துவிட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த கால் மரத்துப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். கம்பெனியில் ஏற்றிய கிரேங்க் நன்றாக இருக்கிறபோது அதைத் தொட்டு இந்தத் தலைவலியை நானே ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அது நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நிறைய நேரம் செலவானது, அதுதான் இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதியும்.

முதலில் புகை. ரொம்ப நாள் நின்ற புல்லட்டை ஸ்டார்ட் பண்ணினால் சைலன்சரிலிருந்து நீலப் புகை கொசு மருந்து அடிக்கிற மாதிரி வரும். பார்த்தவுடனே "ரிங் போச்சு, போர் போச்சு" என்பார்கள், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமும் பிஸ்டன் ஓடுகிற துளையும் தேய்ந்துவிட்டன என்று. அவசரப்படக் கூடாது. இந்த என்ஜினில் ஆயில் டேங்க் கிரேங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தால் டேங்கில் உள்ள ஆயில் பம்ப் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து கிரேங்க் சுற்றுகிற அறைக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆனதும் அது மேலே அடித்துப் புகையாகப் போகும். அடியில் இருக்கிற சம்ப் டிரெயின் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் புகை வருகிறதா என்று பாருங்கள். எனக்குப் பெரும்பாலும் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தது: இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கி, கீழே வந்து திரும்ப முறுக்கும்போது குப்பென்று ஒரு புகை. அது வால்வின் தண்டைப் பிடித்திருக்கிற வால்வு கைடு தேய்ந்ததன் அடையாளம். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் இழுக்கும்போதும் புகை விடாமல் வரும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்பது. டீகம்ப்ரஸரை (உதைக்கச் சுலபமாக அழுத்தத்தை வெளியே விடுகிற லீவர்) பிடிக்காமல் கிக்கரில் மெதுவாக உடம்பின் எடையைப் போட்டு நின்று பார்த்தேன். நல்ல என்ஜின் ஆளைக் கொஞ்ச நேரம் தாங்கி நிற்கும், அப்புறம்தான் இறங்கும். என்னுடையது சட்டென்று இறங்கியது. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி ஏறி நின்றால் முன்னைவிடத் தாங்கியது, ஆனால் முழுசாக இல்லை. ஆயில் விட்டதும் கூடினால் குறை போரிலும் ரிங்கிலும், மாற்றமே இல்லை என்றால் வால்வில். எனக்கு இரண்டிலும் பங்கு இருந்தது. ஆக மேலே வேலை இருக்கிறது, அதில் சந்தேகமே கிடையாது.

சத்தத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இடது பக்கம் என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கிற பிரைமரி செயின் தளர்ந்து கேஸுக்குள் சலசலப்பதைக் கேட்டுவிட்டு "கிரேங்க் சத்தம்" என்று முடிவு கட்டிய கதைகள் எனக்கே தெரியும். பிஸ்டன் ஆடுகிற சத்தம் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருக்கும். பிக் எண்ட், அதாவது கன்ராட் கிரேங்க் பின்னில் மாட்டியிருக்கிற முனை, அப்படியே தலைகீழ், சூடாகி ஆயில் இளகிய பிறகு, அதுவும் டாப் கியரில் இழுக்கும்போது, கனமாக டொக் டொக் என்று அடியிலிருந்து வரும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை கேஸில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். என் வண்டியில் அந்த டொக் இல்லை. வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்ததில் கரிதான் இருந்தது, மினுமினுப்பு இல்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் பேரலைக் கழற்றும்வரை முடிவு எடுக்கவில்லை. கழற்றியதும் போரின் மேல் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் படி இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிஸ்டனையும் கழற்றிவிட்டு, கன்ராடை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்து அழுத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது இருக்கலாம். மேலும் கீழுமாக ஆட்டம் கையில் தட்டவே கூடாது. தட்டவில்லை. மெக்கானிக்கும் வந்து பிடித்துப் பார்த்தார், ஒரு நிமிடம் பேசவில்லை, பிறகு "விட்டுடலாம் தம்பி, மேல மட்டும் பாப்போம்" என்றார்.

சரி, என்ன செய்தோம். ரீபோர் (சிலிண்டர் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது), அளவு கூட்டிய பிஸ்டன், புது ரிங், வால்வு கைடு, வால்வு சீட் கட்டிங். அதோடு இதில் யாரும் சமரசம் செய்யக் கூடாத ஒரு வேலை, ஆயில் பம்ப். கிரேங்க்கைத் தொடாமல் விடுகிறோம் என்றால் அதற்குப் போகிற ஆயில் ஒழுங்காக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாடலின் பிக் எண்டில் இருப்பது ஆயில் படலத்தில் சுற்றுகிற உலோக வளையமான மிதக்கும் புஷ்தான், ஆயில் குறைந்தால் அது பொறுத்துக்கொள்ளாது. வலது பக்க டைமிங் கவருக்குள்ளே கிரேங்க் முனைக்கு ஆயில் போகிற இடத்தில் சின்னதாக ஒரு கார்க் சீல் இருக்கும், விலை ஒன்றுமே இல்லை. பழசாகி நொறுங்கியிருந்தால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் பக்கத்திலேயே ஒழுகிவிடும். கவரைத் திறந்தால் கார்க்கை மாற்றாமல் மூடாதீர்கள். அங்கேயே உள்ள, பம்ப்பைச் சுழற்றுகிற வோர்ம் நட் இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும், தெரியாமல் பலம் கொடுத்து முறுக்கினால் மரை போய்விடும். ஃபெல்ட் ஃபில்டரும் புதுசு. எல்லாம் மாட்டிய பிறகு என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, டைமிங் கவரின் ஃபீட் பிளக்கையும் ஹெட்டுக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்த்துத்தான் வண்டியை வெளியே எடுத்தேன்.

ரன்னிங் இன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, 20டபிள்யூ50 ஆயில், அவசரமில்லாத கை, சீக்கிரமே முதல் ஆயில் மாற்றம், அவ்வளவுதான்.

இப்போது எப்படி இருக்கிறது? மின்னோட்டம் காட்டுகிற ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைத்தால் ஒழுங்காகப் பிடிக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வெயிலில் ஒரே மூச்சில் ஏறினேன், மேலே போய் நிறுத்தியபோது சத்தம் மாறவில்லை, இறங்கும்போது அந்தக் குப்பென்ற புகையும் இல்லை. 60லிருந்து 65 வரை சுகமாகப் போகும், அதற்கு மேல் நான் கேட்பதில்லை, 346 சிசியில் 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள என்ஜினை அதற்கு மேல் விரட்டுவதில் அர்த்தமும் இல்லை. குறைகள் இருக்கின்றன. வால்வை இயக்குகிற புஷ் ராட்டின் கவர் பக்கம் ஆயில் ஈரம் எப்போதும் உண்டு. சில வாரம் நிறுத்தினால் அந்த ஆரம்பப் புகை இன்னும் வரும், பம்ப்பைச் சரி செய்ததால் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. டேப்பட்டை (வால்வு இயக்கத்தின் இடைவெளி) அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, குளிர்ந்த என்ஜினில் புஷ் ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அது ஐந்து நிமிட வேலை.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தன் யமஹா ஆர்எக்ஸ் 100க்கும் மேல்வேலை மட்டும் போதுமா என்றார். வேண்டாம் என்றேன். அது டூ ஸ்ட்ரோக், பல வருடம் நின்ற வண்டியில் கிரேங்க் ஆயில் சீல் கெட்டியாகியிருக்கும். மேக்னெட் பக்கச் சீல் விட்டால் காற்று இழுத்துக் கலவையில் பெட்ரோல் குறைந்து புது பிஸ்டனே சீஸ் ஆகி இறுகிவிடும், கிளட்ச் பக்கம் விட்டால் கியர் ஆயிலைக் குடிக்கும். அந்த என்ஜினைப் பிரித்துவிடுவதே நல்லது. புல்லட்டிலும் கன்ராடில் மேல் கீழ் ஆட்டம் கையில் தட்டினாலோ, ஆயிலில் உலோகத் தூள் மின்னினாலோ யோசிக்காமல் பிரிக்க வேண்டியதுதான். அப்போதும் என்ஜின் நம்பர் அடித்த கேஸை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது நம்பர் ஒத்துப்போகாவிட்டால் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டிவரும்.

என் கிரேங்க்கும் ஒருநாள் வேலை கேட்கும். சென்னையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் நல்ல கன்ராட் கிட் கண்ணில் பட்டபோது ரோலர் பேரிங்குடன் ஒன்று வாங்கி ஆயில் தடவிச் சுற்றி வைத்திருக்கிறேன். டொக் சத்தம் கேட்கிற அன்றைக்குப் பிரித்து அதைப் போட்டுக்கொள்வேன், இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை ஆயில் மாற்ற வேண்டும்.