எல்இடி மாற்றிய டார்ச்சுக்கு ரிஃப்ளெக்டரா, டிஐஆர் லென்ஸா? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

டார்ச்சைப் பிரித்து எல்இடி மாற்றுகிறவர்கள் காசையும் யோசனையையும் எல்இடிக்கே செலவழித்துவிட்டு, பழைய ரிஃப்ளெக்டரை (ஒளியைக் குவித்து முன்னால் அனுப்பும் பளபளப்பான கிண்ணம்) அப்படியே திரும்ப மாட்டிவிடுகிறார்கள். பிறகு 'புது எல்இடி போட்டும் தூரம் போகலையே' என்று டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) மீது பழி விழும். பெரும்பாலும் கோளாறு டிரைவரில் இருக்காது. எல்இடிக்கும் ரிஃப்ளெக்டருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். கன்வாய் நிறுவனத்தின் எஸ்2 பிளஸ், சி8 என்ற இரண்டு டார்ச் உடல்களையும் நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை கீழே.

முதலில் கணக்கு. ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதை மொத்த ஒளியின் அளவான லூமன் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எல்இடியின் ஒளிரும் பரப்பு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எவ்வளவு ஒளி தருகிறது, ரிஃப்ளெக்டரின் வாய் எவ்வளவு அகலம் என்ற இரண்டும்தான் கேண்டெலாவை, அதாவது ஒரு திசையில் குவியும் ஒளியின் செறிவை, தரும். எஸ்2 பிளஸின் வாய் சுமார் 20 மி.மீ., சி8 சுமார் 40. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. அதே எல்இடிக்குக் கேண்டெலாவும் ஏறக்குறைய நான்கு மடங்கு, தூரம் இரு மடங்கு. பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு, கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கியது. 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர் என்று வரும். அந்த 400 மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), நிலா வெளிச்சம் போல. 200 மீட்டரில் 1 லக்ஸ் கிடைக்கும். கண்ணுக்கு உதவும் தூரம் அந்தப் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எஸ்2 பிளஸில் தூரத்தைத் துரத்துவது வீண். அதற்கு சி8 உடல், வழுவழுப்பான ரிஃப்ளெக்டர், டோம் (மேலே குமிழ் போன்ற சிலிகோன் மூடி) இல்லாத சின்ன எல்இடி. ஆஸ்ராம் ஒயிட் ஃபிளாட் 1 சதுர மி.மீ. இதற்கு நல்ல பொருத்தம். கூடுதல் வெளிச்சமும் வேண்டுமானால் எஸ்எஃப்டி40 என்ற எல்இடி. டோம் உள்ள எல்இடியில் ஒளிரும் சில்லு உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் ஒளிவட்டத்தின் நடுவே பிரகாசமாக விழும் நடுப்பொட்டு அகலும், தூரம் குறையும்.

வழுவழுப்பான ரிஃப்ளெக்டர் எந்தக் குறையையும் மறைக்காது. நான்கு சில்லு கொண்ட எக்ஸ்எச்பி70 போட்டால் நடுப்பொட்டில் கூட்டல் குறி போல ஒரு நிழல் விழும். எக்ஸ்பி-எல்2, எக்ஸ்எச்பி50.2 போன்றவற்றில் பொட்டைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக வளையம் தெரியும். இவற்றுக்கு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும் ஓபி ரிஃப்ளெக்டர் போடுங்கள். தூரம் கொஞ்சம் போகும், நிறம் ஒன்றாகக் கலந்துவிடும். ஓபியை மட்டமாகப் பேசுகிறவர்கள் இரவில் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்ததில்லை போலும்.

இனி முக்கியமான இடம்: எல்இடியைச் சுற்றி உட்காரும் சென்டரிங் வளையம். அது இரண்டு வேலை பார்க்கிறது. எல்இடியை நடுவில் நிறுத்துகிறது. அலுமினிய ரிஃப்ளெக்டர் சால்டர் முனைகளில் படாமல் காக்கிறது. 3535 (3.5 மி.மீ. சதுரம்) எல்இடிக்கான வளையத்தை 5050 (5 மி.மீ. சதுரம்) எல்இடியில் அழுத்தினால் டோம் பிய்ந்து, அதனுள் இருக்கும் கம்பி இழை அறுந்து, எல்இடி அங்கேயே முடிந்தது. மாற்றிப் போட்டால் ஆட்டம் கண்டு பொட்டு ஓரமாக விழும்.

ரிஃப்ளெக்டர் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, உடல் பேட்டரியின் எதிர்முனை. எல்இடியின் நேர்முனை அதில் பட்டால் நேரடி ஷார்ட். 7135 என்ற மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சில்லு கொண்ட டிரைவரில் எதிர்முனை பட்டால் ஆபத்து வேறு விதம்: மின்னோட்டம் டிரைவரைத் தாண்டிப் போய்விடும், எந்த மோடில் வைத்தாலும் டார்ச் முழு வெளிச்சத்தில் எரியும். 'லோ மோடு வேலை செய்யலை' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மூடும் முன் மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, ரிஃப்ளெக்டருக்கும் இரண்டு முனைகளுக்கும் இடையே சோதியுங்கள். சால்டர் மேடாக இருந்தால் தட்டையாக்கி, மேலே சூடு தாங்கும் கேப்டன் டேப் ஒரு துண்டு.

குவியம் சரியா என்று பார்க்க டார்ச்சை எரிக்கவே வேண்டாம். அணைத்து வைத்து, நாலைந்து மீட்டர் தள்ளி நின்று நேராக அதன் வாயைப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் முழுக்க எல்இடியின் மஞ்சள் நிறம் நிரம்பியிருந்தால் சரி. நடுவிலோ விளிம்பிலோ வெள்ளிப் பட்டை தெரிந்தால் அந்தப் பகுதி வேலை செய்யவில்லை. எரித்துப் பார்ப்பதானால் சுவர் 5 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்; பக்கத்துச் சுவரில் பல டார்ச்சுகளிலும் நடுவில் ஓட்டை தெரியும். லோ மோடில் வைத்து ரிஃப்ளெக்டரைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். பொட்டு சுருங்கினால் தடித்த வளையம் தேவை, இன்னும் கலைந்தால் மெல்லியது. ஒரே வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட வெவ்வேறு தடிமனில் நான்கு வாங்கி வைப்பது மலிவு.

எஸ்2 பிளஸுக்கு எங்கள் தேர்வு டிஐஆர் லென்ஸ், அதாவது ரிஃப்ளெக்டருக்குப் பதிலாக ஒளியைத் தனக்குள்ளேயே திருப்பிக் குவிக்கும் பிளாஸ்டிக் லென்ஸ். வரப்பிலோ தெருவிலோ நடக்கும்போது காலடியும் பத்தடி முன்னாலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். 30 அல்லது 45 பாகை, மணி மணியான முகப்பு, அது போதும். 10 பாகை தெளிந்த லென்ஸ் பெரிய சில்லில் அசிங்கமான சதுரம் போடும். லென்ஸில் எழுதிய பாகையை அப்படியே நம்ப வேண்டாம், சில்லு பெரிதானால் கோணமும் விரியும். வாங்கும் முன் காலிப்பரில் பழைய ரிஃப்ளெக்டரின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். லென்ஸ் குட்டையானால் ஓ-ரிங் வைத்துச் சரிசெய்யலாம். நெட்டையானால் பில் (எல்இடியும் டிரைவரும் உட்காரும் உலோகத் துண்டு) முழுதாக இறங்காது. உடலோடு சரியாக ஒட்டாததால் சூடு இறங்க வழியிருக்காது, எல்இடி வெந்துபோகும். அடியில் உள்ள குழி எல்இடியைத் தொடக் கூடாது.

ஆஸ்ஃபெரிக் லென்ஸ் (நடுவில் தடித்த குவிலென்ஸ்) வேடிக்கைக்கு நல்லது. சில்லின் படத்தையே தூரத்தில் வீசும், பக்க ஒளி அறவே கிடையாது, லென்ஸுக்குள் நுழையாத ஒளியெல்லாம் உள்ளேயே வீண். நடக்க உதவாது.

நாள்பட்டதில் எது கெடுகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே நாம் விட்டுவைத்தவை. சால்டர் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸைத் துடைக்காமல் மூடினால் சூட்டில் ஆவியாகி ரிஃப்ளெக்டரில் படலமாகப் படியும். ஒட்டப் பயன்படுத்தும் சூப்பர் குளூ வெண்புகை போலப் பூத்துவிடும். அடைத்த டார்ச்சுக்குள் தேங்கும் ரசாயன ஆவி எல்இடியின் சிலிகோன் டோமையே பழுப்பாக்கும். வழுவழுப்பான ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்தால் கோடு விழும். காற்று ஊதும் பல்பு மட்டும் பயன்படுத்துங்கள். டிஐஆர் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக், அதில் அசிட்டோன் கூடவே கூடாது, ஆல்கஹால் பட்டாலும் மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். முன் கண்ணாடியைப் பூச்சு உள்ளதாக மாற்றலாம்: சாதாரணக் கண்ணாடி சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், பூச்சுள்ளது ஓரிரு சதவீதம்தான். விலை குறைவு, கைரேகை படாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.