கதவைப் பார்த்து வாங்கியதும் பெட்டியைப் பார்த்து வாங்கியதும்

நங்கநல்லூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்கு நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கேபினெட் போட்டிருக்கிறேன். 2019இல் மாடுலர் கிச்சன் காட்சியறை ஒன்றில் பளபளத்த கதவுகளைக் கண்டு மயங்கி வாங்கினேன். 2023இல், எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் ஒவ்வொரு பலகையையும் கேட்டுக் கேட்டுச் செய்வித்தேன். இந்த மதிப்புரை இரண்டையும் பற்றியது.

முதல் சமையலறையில் கதவுகள் கடைசிவரை பளபளப்பாகவே இருந்தன. கெட்டுப்போனவை அவற்றைத் தாங்கிய பெட்டிகள்தாம். விலைப்பட்டியலில் ‘எஞ்சினியர்டு வுட்’ என்று கௌரவமாகக் குறிக்கப்பட்டிருந்தது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுதான் என்பதை, சிங்க்குக்குக் கீழிருந்த பெட்டியின் அடிப்பலகை இரண்டாம் ஆண்டில் ஊறிய ரஸ்க்கைப் போல உப்பிய பிறகே தெரிந்துகொண்டேன். கழிவுக்குழாய் இணைப்பிலிருந்து கசிந்தது என்னவோ சொட்டு நீர்தான். ஆனால் இந்தப் பலகை ஒருமுறை நீர் குடித்து உப்பிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. பக்கப் பலகையில் கீலைப் பிடித்திருந்த திருகுகள் பிடி தளர்ந்து, கதவு ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியது. நீர்க்கசிவால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று கடையில் பதில் சொன்னார்கள். சமையலறைப் பெட்டிக்கு நீரைத் தவிர வேறு எதனால் சேதம் வரும் என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆகவே இரண்டாம் முறை கதவின் நிறத்தைக் கடைசியில்தான் தேர்ந்தெடுத்தேன். நம் வீட்டுச் சமையலறையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு நீரையும் சூட்டையும் காண்பதில்லை என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே பலகை என்று முடிவெடுப்பதே தவறு என்பது என் எண்ணம். மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்யும் பிளைவுட்டில், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலையில் வரும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) வகை, ஈரக்காற்றையும் அவ்வப்போது சிந்தும் நீரையும் தாங்கும். சுவரில் மாட்டும் மேல் பெட்டிகளுக்கு அது போதும். மேடைக்குக் கீழுள்ள பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 தரத்து மெரைன் பிளைவுட் போட்டோம். இதன் அடுக்குகள் பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டப்படுபவை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதற்கான சோதனை. ‘710’ என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் பலகையில் அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஆசாரியே எச்சரித்ததால், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருந்த உரிம எண்ணை, இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, அந்த உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று சரிபார்த்த பிறகே பலகைகளை இறக்கச் சொன்னேன்.

சிங்க்குக்குக் கீழே மட்டும் எந்தப் பலகையும் வைக்கவில்லை. இருபுறமும் அடியிலும் கடப்பா கல்லை நிறுத்தி, முன்னால் கதவை மட்டும் பொருத்தியிருக்கிறோம். நம் பழைய வீடுகளில் மேடைக்கடியில் இருந்த அதே கல் அடுக்குதான் இது. கரையானும் அரிக்காது, குழாய் கசிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். இரண்டு சமையலறைகளிலும் சேர்த்து எனக்கு மிக நிறைவளித்த முடிவு இதுதான். அது விலையும் குறைவு என்பதாலோ என்னவோ, காட்சியறையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. கல்லைத் தூக்கி வைப்பதற்கு வீட்டுக்கு வந்த கொத்தனார் ஒரு நாள் முழுவதும் தூசியைக் கிளப்பியதைக் குறையாகச் சொல்லலாம்.

கேஸ் சிலிண்டர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பலகை வேண்டாம். உள்ளே இருக்கும் எரிவாயு 14.2 கிலோ என்றாலும், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய முப்பது கிலோ ஆகும் உருளையைப் பலகை மேல் ஏற்றி இறக்குவது வீண் வேலை. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகையால் அந்தக் கதவின் கீழ்ப்பகுதியிலும் மேற்பகுதியிலும் காற்றுத் திறப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் சமையலறையில் அழகு கெடும் என்று அவற்றை வைக்காமல் விட்டிருந்தார்கள்.

பிளாஸ்டிக்கால் ஆன பி.வி.சி. பலகையும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையும் நீருக்கும் கரையானுக்கும் அஞ்சாதவை என்பது உண்மைதான். ஆனால் அகலமான தட்டுகளில் பாத்திரக் கனம் ஏறினால் அவை நாளடைவில் நடுவில் வளைகின்றன என்றும், அடுப்புக்கு அருகில் வைப்பது சரிவராது என்றும் ஆசாரி சொன்னதை ஏற்று அவற்றைத் தவிர்த்தேன்.

கதவின் மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள லேமினேட் தகடு ஒட்டினோம். நம் ஆசாரிகள் இன்னும் மைக்கா என்றுதான் சொல்கிறார்கள். தினமும் தாளிக்கும் வீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படியாத கதவு கிடையாது. முன்பிருந்த அக்ரிலிக் கதவில் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்தது, மங்கலான லேமினேட்டில் சோப்பு நீரில் நனைத்த துணியே போதுமானதாக இருக்கிறது. பலகையின் வெட்டுவாய் வழியாகத்தான் நீர் முதலில் இறங்கும் என்பதால், எல்லா ஓரங்களிலும், கண்ணுக்குத் தெரியாத பின்புற ஓரம் உட்பட, எட்ஜ் பேண்டிங் என்னும் ஓரப்பட்டையை ஒட்டச் சொன்னேன். பட்டறையில் அதற்கான இயந்திரம் இல்லாமல் கையால் ஒட்டியதில், மூன்று இடங்களில் ஓராண்டுக்குள் பிரிந்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் காட்சியறைக்காரர்களின் வேலை நிச்சயமாக மேலானது.

மெல்ல மூடும் கீல்களையும், டிராயர் ஓடும் தண்டவாளங்களான சேனல்களையும் ஆசாரி வழியாக வாங்காமல், ஹார்டுவேர் கடையில் நானே விசாரித்து வாங்கினேன். டிராயரில் பருப்பு டப்பாக்களும் குக்கரும் ஏறும் என்றால், சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெட்டிகளை நான்கு அங்குலப் பிளாஸ்டிக் கால்களின் மேல் நிறுத்தியிருப்பதால் தரையைக் கழுவிவிடும்போது நீர் பலகையைத் தொடுவதில்லை.

விலை கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியின் முன்பக்கப் பரப்புக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். டிராயர், கூடை, சேனல், பரண் கதவு எல்லாம் தனிக் கணக்கில் பின்னால் வந்து சேரும். 2019இல் எங்களுக்குச் சொன்ன தொகையும் நாங்கள் கொடுத்த தொகையும் வேறுபட்டதற்குக் காரணம் இதுவே. இரண்டாம் முறை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொண்டோம். செலவு முதல் முறையைவிடக் குறைவாகவே முடிந்தது, ஆனால் மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது. மேல் பெட்டிகளின் உயரத்தை என் கைக்கு எட்டும்படி அளந்து கொடுத்துவிட்டேன். அம்மா இப்போது அஞ்சறைப் பெட்டியை மேடையிலேயே வைத்துக்கொள்கிறார்.