நேர்வாய்க்காலா, வெள்ளத் தாழ்நிலமா? படுவான்கரைத் தண்ணீர் வாவிக்கு வரும் வழி

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் ஒரே பேச்சுதான். வாய்க்காலை ஆழமாக்க வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், முகத்துவாரத்தை வெட்ட வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்த படுவான்கரையிலிருந்து அந்த வெள்ளம் எதையெல்லாம் சுமந்துகொண்டு மட்டக்களப்பு வாவிக்கு ஓடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

பெரும்போக வெள்ளாமைக்கு யூரியா எறிவதும் வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் ஒரே மாதங்களில்தான். வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, வழியும் நீரில் நைத்திரேற்று, பொசுபேற்று, பீடைநாசினி, வண்டல் எல்லாம் இருக்கும். நேராக வெட்டிய வாய்க்கால் இவற்றைச் சில மணி நேரத்தில் வாவியில் சேர்த்துவிடும். அங்கிருந்து கடலுக்குப் போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குப் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான் வாய்கள். கோடையில் மணல் அவற்றை மூடிவிடும். உள்ளே தங்கும் உரம் பாசிக்கும் ஆற்றுவாழைக்கும் உணவாகிறது. அவை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன் மூச்சுத் திணறுகிறது.

வெள்ளம் பரவி நிற்கும் தாழ்நிலம் வேறு மாதிரி வேலை செய்யும். கிரான், சித்தாண்டிப் பக்கம் முந்தனையாறு கரை கடந்து பரவும்போது தண்ணீரின் வேகம் சட்டென்று விழுகிறது. அங்கே வளரும் பன், சம்பு என்ற நீர்ப் புல்வகைகள் அதை இன்னும் தடுக்கின்றன. முதலில் வண்டல் படியும். வண்டலில் ஒட்டிய பொசுபேற்றும் கூடவே படியும். நைத்திரேற்றின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதே வாயுதான், தீங்கு ஒன்றுமில்லை. மலக்கிருமிகளில் ஒரு பகுதி வெயிலிலும் மற்ற நுண்ணுயிர்களிடமும் மாண்டுபோகும். மின்சாரமும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். நேரம் மட்டும் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நேர்வாய்க்கால் பறித்துவிடுகிறது.

தாழ்நிலத்தால் முடியாததும் உண்டு. பொசுபேற்று வாயுவாகிப் பறக்காது, சேற்றிலேயே கிடக்கும்; தண்ணீர் நீண்ட நாள் அசையாமல் நின்றால் மறுபடி கரைந்து வெளியே வரும். 2011 ஜனவரியில் வந்ததுபோன்ற பெருவெள்ளம் நின்று தெளிய இடமே கொடுக்காது. அப்புறம், தாழ்நிலத்தில் விதைத்தவரின் பயிர் அழிந்தால் அந்த நட்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. எல்லோருக்கும் தண்ணீர் தெளிய அவர் நிலம் உதவுகிறது என்றால் அவருக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையம் போதாதா என்று கேட்பார்கள். குடிநீருக்கு அது கட்டாயம் வேண்டும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரும் சுத்திகரித்த பிறகே நகரத்துக் குழாய்க்கு வருகிறது. ஆனால் வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் நிலையத்தின் செலவும் குறையும். நியூயோர்க் நகரம் 1997இல் பெரிய வடிகட்டி நிலையம் கட்டுவதை விட்டு, கற்ஸ்கில் மலைப் பக்கத்து நீரேந்து பகுதியைக் காக்கும் உடன்படிக்கைக்குப் போனது இந்தக் கணக்கில்தான். கொல்கத்தாவின் கழிவுநீரைக் கிழக்குப் பக்கச் சதுப்பிலுள்ள மீன் குளங்கள் தெளியவைக்கின்றன. 2002இல் அந்தச் சதுப்பு ராம்சார் இடமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சொல்லி நம் ஊர் மலக்கழிவையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் கண்டலுக்குள் திறந்துவிடலாம் என்று யாரும் வாதாட வேண்டாம். கொல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாகக் குளம் குளமாகத் தண்ணீரை அளந்து விடும் மீன் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். நகரக் கழிவுக்கு இங்கே நிலையம்தான் வழி.

சம்பு நட்டு அமைக்கும் செயற்கைப் பாத்தி ஓர் அரிசி ஆலைக்கோ விடுதிக்கோ சரி. வெட்டிப் பராமரிக்க ஆள் வேண்டும். வட்டை முழுவதன் தண்ணீருக்கு அது காணாது.

ஆகவே வயல் தண்ணீருக்கு என் தெரிவு தாழ்நிலம்தான். குடியிருப்புப் பக்கம் வாய்க்கால் வெட்டட்டும், தடையில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதி நேரே வாவிக்குள் பாயாமல் பன் வளரும் பள்ளத்தில் திறக்க வேண்டும். அந்தப் பள்ளத்தைக் கிரவல் போட்டு நிரப்ப விடக்கூடாது. வாய்க்கால் திட்டம் ஊர்க் கூட்டத்துக்கு வரும்போது நீளத்தையும் செலவையும் கேட்பதற்கு முன், அது எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள்.