வார இறுதி வேலையை விடுவதா, இன்னும் கொஞ்சம் இழுப்பதா?

பட்டப்படிப்பு முடிந்த பிறகும் சனி, ஞாயிறுகளில் கொழும்பு புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் பில் போடுகிறேன். பிடிக்கவில்லை.

தொடர்ந்தால் வெள்ளவத்தை அறை வாடகையில் பாதி தேறும். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் என் பங்கு, 12 வீதம் முதலாளியின் பங்கு. ஊழியர் நம்பிக்கை நிதியம் என்ற இன்னொரு சேமிப்புக்கு அவர் தனியாக 3 வீதம் கட்டவேண்டும். பகுதிநேர ஊழியருக்கும் இது சட்டப்படி உரியது. எங்கள் முதலாளியோ அந்தப் பேச்சை எடுத்தாலே பிளேன்டீ வரவழைத்து மழுப்பிவிடுவார்! ஆக, தொடர்வதன் பெரிய இலாபம் எனக்குக் கடதாசியில்கூட இல்லை.

விட்டால் கையைக் கடிக்கும். ஊரில் அம்மாவின் முகமும் சுருங்கும். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாக வாரத்தில் இரண்டு முழு நாட்கள் கிடைக்கும். என் அரைகுறைச் சிங்களத்தையும் திருத்திக்கொள்ளலாம். தீபாவளி வியாபாரம் முடியும்வரை மட்டும் நிற்பேன்.